மணிக்கு அறுபது பைசா

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்தது ஐந்து குடித்தனங்கள் சேர்ந்த பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றம். பின்கட்டில் ஒரு அடிபம்பு, பக்கத்தில் துணி துவைக்கிற கருங்கல், சுவரோரம் சாம்பல் கொட்டி வைத்த உடைந்த மண்சட்டி. ஐந்தில் நான்கு குடித்தனங்களுக்கு ஒரே அக்காதான் வேலை செய்தார். விடியும் முன்பே வந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார். பிறகு ஒவ்வொரு வீடாகப் பாத்திரம், பெருக்குவது, துடைப்பது, துணி. சாயங்காலம் மறுபடியும் வந்து இன்னொரு சுற்றுப் பாத்திரம்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று இன்று வளர்கிற பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் புரிய வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்த பாத்திரத்தின் அடியில் ஒரு பூச்சு கரி இருக்கும். தேங்காய்நாரில் சாம்பலையும் சபீனாவையும் தொட்டு அழுத்தித் தேய்த்தால்தான் அது விடும். பித்தளை அண்டாவுக்குப் புளி. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு. துணிக்கு 501 பார் சோப், வெள்ளை வேட்டிக்கு நீலம், அம்மாவின் பருத்திப் புடவைக்குக் கஞ்சி. எல்லாவற்றுக்கும் தண்ணீரை அவரேதான் பம்பில் அடித்துக்கொள்ள வேண்டும். அக்காவின் கால்விரல் இடுக்குகள் மழைக்காலம், வெயில்காலம் என்றில்லாமல் வெளுத்துப் போயிருக்கும். சேற்றுப்புண். இரவில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடுவதாகச் சொல்வார். காலையில் மறுபடியும் தண்ணீரில்தான் நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சம்பளம் மாதம் 40 ரூபாய். அந்தத் தொகை எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் குடிவந்தபோது அப்பாயி பக்கத்துக் குடித்தனத்தில் விசாரித்தார், அவர்கள் என்ன கொடுக்கிறார்களோ அதையே பேசி முடித்தார். அந்த வீட்டில் ஆள் குறைவு, எங்கள் வீட்டில் ஆறு பேர் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரவில்லை. "அதான் காப்பி குடுக்கிறோம், மீந்த சோறு குடுக்கிறோம், தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தர்றோம். இதெல்லாம் காசு இல்லையா?" என்பது அப்பாயியின் கணக்கு. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக் கணக்கும் அதுதான்.

சம்பளத் தேதியிலும் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும்தான் ஒரே தடவையில் கொடுத்தோம், அதுவும் ஐந்தாம் தேதி வாக்கில். மற்றவர்கள் பத்துத் தேதிக்கு மேல் இருபது, பதினைந்து என்று பிய்த்துக் கொடுப்பார்கள். அந்தப் பத்து நாளைத் தாண்ட அக்கா தண்டலுக்கு வாங்குவார். நூறு ரூபாய் கேட்டால் வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 85 ரூபாய்தான் கையில் தருவார்கள். அப்புறம் தினம் ஒரு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். தண்டல்காரர் சைக்கிளில் வந்து எங்கள் வாசலிலேயே நின்று வசூல் செய்ததைப் பார்த்திருக்கிறேன். மாதச் சம்பளம் ஒரு வாரம் பிந்தினால் இன்னொருவர் அதற்கு வட்டி கட்டுகிறார் என்பது எனக்கு அந்த வாசலில்தான் தெரிந்தது.

1983 கோடை வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வறண்டு சென்னையே குடத்தோடு தெருவில் நின்ற வருஷம். கிருஷ்ணா நீரைக் கொண்டுவர ஆந்திராவோடு ஒப்பந்தம் போட்டதும் அந்த வருஷம்தான். ஆனால் எங்கள் பின்கட்டில் பம்பு வெறும் காற்றைத்தான் இழுத்தது. மெட்ரோ வாட்டர் லாரி தெருமுனைக்கு வரும். அது வருகிற நேரம் எவருக்கும் தெரியாது. அக்கா நான்கு வீட்டுக் குடங்களையும் வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருப்பார். லாரி வந்ததும் ஒவ்வொரு குடமாக இடுப்பில் சுமந்து வந்து தொட்டியை நிரப்புவார். அதன் பிறகுதான் அவருடைய வழக்கமான வேலை ஆரம்பிக்கும். அதற்காக ஒரு பைசாவும் கூடுதலாக யாரும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு அது உறுத்தியது. ஒரு ராத்திரி சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னார்: "ஏங்க, அவ நம்ம வீட்டுக்கு வேலைக்கு வந்தப்ப தண்ணி சுமக்கிற பேச்சே இல்ல. இப்ப அதுதான் பெரிய வேலையா இருக்கு. சம்பளம் மட்டும் பழைய சம்பளம்." அப்பா, "எல்லாருக்கும்தானே கஷ்டம்" என்றார். "கஷ்டம் எல்லாருக்கும்தான். குடம் அவ இடுப்புல இருக்கு" என்றார் அம்மா. மறுநாளிலிருந்து அம்மாவும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். அந்த மாதத்திலிருந்து பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். மழை பெய்து பம்பில் தண்ணீர் வந்ததும் அந்தப் பத்து ரூபாயை அப்பாயி நிறுத்தச் சொன்னார். நின்றுவிட்டது.

அப்பா ஒரு வங்கியில் குமாஸ்தா. சங்கத்தில் ஈடுபாடு உள்ளவர். 1984 செப்டம்பரில் வங்கி ஊழியர்களின் நான்காவது இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1983 ஜூலையிலிருந்து கணக்கிட்டுச் சம்பள உயர்வு, அதற்கான அரியர்ஸ். அந்தப் பணம் வந்த நாளில் அப்பா அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கி வந்தார். சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு வரி வரியாக விளக்கினார். அடிப்படைச் சம்பளம் இது. பஞ்சப்படி இது, விலைவாசிக் குறியீட்டு எண் ஏறினால் இதுவும் ஏறும். வீட்டு வாடகைப்படி இது. வருஷத்துக்கு ஒரு இன்க்ரிமென்ட். தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எத்தனை வருஷப் போராட்டம் இருக்கிறது என்று சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு பின்கட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார். அங்கே அக்கா எங்கள் வீட்டு இட்லித் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அரிசி விலை ஏறுதுன்னு உங்களுக்கு ஏத்தித் தர்றாங்க. அவளும் அதே கடையிலதானே அரிசி வாங்குறா?"

அப்பா பதில் சொல்லவில்லை. சங்கக்காரரிடம் அதற்கு மறுப்பு இருக்க முடியாது.

அடுத்த மாதம் அக்கா கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போனார். எப்போதும் அக்கா வராத நாட்களில் பாத்திரம் மலைபோல் குவியும், பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். அந்தத் தடவை அம்மா அப்பாவின் ஹெச்.எம்.டி. கைக்கடிகாரத்தை வாங்கி அலமாரியில் வைத்தார். வாசல் தெளித்ததிலிருந்து சாயங்காலப் பாத்திரம் வரை எல்லா வேலையையும் தானே செய்தார். ஒவ்வொன்றும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லி என்னை உட்கார வைத்தார். மொத்தம் கூட்டியபோது நாளொன்றுக்கு இரண்டேகால் மணி நேரம் வந்தது.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. பின்னக் கணக்கு நன்றாக வரும். அம்மா என்னைப் போடச் சொன்னார். இரண்டேகாலை முப்பதால் பெருக்கினால் அறுபத்தேழரை மணி நேரம். நாற்பது ரூபாயை அறுபத்தேழரையால் வகுத்தால் அறுபது பைசாகூட முழுதாக வரவில்லை. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இன்னொரு தடவை போட்டேன். அதே விடை.

அதை அப்பாவிடம் காட்டியபோதுதான் அவர் வங்கியில் உள்ள ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். கிளைகளைப் பெருக்கித் துடைக்கிறவர்களில் பலர் பகுதிநேர ஊழியர்கள். அவர்களுக்கு மேலாளர் மனசுப்படி சம்பளம் கிடையாது. வாரத்தில் எத்தனை மணி நேர வேலை என்பதுதான் அளவு. 6 முதல் 13 மணி நேரம் வரை என்றால் கடைநிலை ஊழியரின் முழுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 13க்கு மேல் 19 வரை பாதி. 19க்கு மேல் 29 வரை முக்கால். அதற்கும் மேலே போனால் முழுச் சம்பளம். இதுவும் சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டதுதான். ஒரே துடைப்பம், ஒரே தரை. வங்கியில் அந்த வேலைக்கு மணிக்கு மூன்று ரூபாய்க்கு மேல் கிடைத்தது. எங்கள் வீட்டில் அறுபது பைசா.

எங்கள் வீட்டு வேலை வாரத்துக்குப் பதினைந்தே முக்கால் மணி நேரம். வங்கி விதிப்படி பார்த்தால் பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும். அது அப்பாவின் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே போகும். வாடகை, ரேஷன், பள்ளிக்கூடம், ஊருக்கு அனுப்புகிற பணம் எல்லாம் போக அவ்வளவு தர எங்களால் முடியாது. அது நிஜம். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் பேச்சு முடிந்துபோகும். "நம்மால முடிஞ்சதைத்தானே கொடுக்க முடியும்" என்று ஒரு பெருமூச்சு, பழைய சம்பளம், தீபாவளிக்கு ஒரு புடவை.

அம்மா அங்கே நிற்கவில்லை. அவர் சொன்னது எனக்கு இன்று வரை பாடம்: "நமக்கு வசதி இல்லேன்னா நாம கம்மியா வேலை வாங்கணும். கம்மியா கூலி குடுக்கக் கூடாது."

அன்று வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து வேலையைப் பிரித்தார். துணி துவைப்பது அக்கா வேலையில் இல்லை, அவரவர் துணி அவரவருக்கு. தட்டும் தம்ளரும் சாப்பிட்டவர்கள் கழுவி வைக்க வேண்டும். சாயங்காலம் பெருக்குவது எனக்கும் தம்பிக்கும், சாயங்காலப் பாத்திரம் அம்மாவுக்கு. அக்காவுக்குக் காலையில் ஒரு மணி நேர வேலை மட்டும்: வாசல், சமையல் பாத்திரம், வீடு துடைப்பது. சம்பளம் 75 ரூபாய். மணிக்கு இரண்டரை ரூபாய். வங்கியின் மூன்றில் ஒரு பங்கு அப்போதும் எங்களுக்கு எட்டாத உயரம்தான். ஆனாலும் அறுபது பைசாவிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருந்தோம்.

அப்பாயிக்குக் கோபம். "வேலையைக் குறைச்சுட்டு யாராச்சும் சம்பளத்தை ஏத்துவாங்களா?" அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லில் தன் வேட்டியை அடித்துத் துவைத்தபோது ஐந்து குடித்தனமும் எட்டிப் பார்த்தது. தம்பிக்கும் எனக்கும் முதலில் சிணுங்கல்தான். சட்டைக் காலரில் அழுக்கு எவ்வளவு பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும் என்று கை வலிக்கத் தேய்த்த பிறகு பள்ளிக்கூடத்தில் தரையில் புரள்வதைத் தம்பி தானாகவே குறைத்துக்கொண்டான்.

அக்காவிடம் பேசியது அதைவிடக் கடினமாக இருந்தது. வேலையைக் குறைக்கிறோம் என்றதும் அவர் முகம் வெளிறியது, நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். அம்மா அவரைத் திண்ணையில் தன் பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் அவரிடமே கேட்டார்: "நீ சொல்லு, இந்த வேலைக்கு எவ்வளவு குடுத்தா சரியா இருக்கும்?"

"இன்னாம்மா புச்சா கேக்குறீங்க. நீங்களா பாத்துக் குடுங்கம்மா."

"நான் பாத்துக் குடுத்துதான் இத்தனை நாளும் நாப்பது ரூபா குடுத்தேன். நீ சொல்லு."

வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அக்கா அறுபது என்றார். சொல்லிவிட்டு, அதிகமாகக் கேட்டுவிட்டதுபோல உடனே "அம்பதுன்னாலும் சரிம்மா" என்றார். தன் உழைப்புக்குத் தானே விலை சொல்ல ஒருவருக்கு எவ்வளவு பயம் ஊட்டப்பட்டிருக்கிறது என்பதை அந்தப் பத்து ரூபாய் இறக்கத்தில் நான் பார்த்தேன். அம்மா நோட்டைக் காட்டிக் கணக்கைச் சொல்லி 75 என்றபோது அவர் நம்பவில்லை. நம்பிய பிறகு ஒன்று கேட்டார்: "காலங்காத்தால காப்பி வேணாம்மா. வயித்தைப் பெரட்டுது. அந்தக் காசையும் சேத்தே குடுத்துடுங்க." அம்மா சிரித்துக்கொண்டே 78 ஆக்கினார். கொடுக்கிற பொருளைக் காசாக நினைத்துக் கழிப்பவர்கள், அது வாங்குகிறவருக்கு வேண்டுமா என்று கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அது பேச்சுக்கு வந்தது அன்றுதான்.

அந்தத் திண்ணைப் பேச்சிலேயே இன்னும் சில விஷயங்களைப் பேசினார்கள். சம்பளம் அப்பாவுக்கு வருகிற நாளிலேயே, ஒரே தடவையில். மாதம் நான்கு நாள் லீவு, எந்த நாள் என்பதை அக்கா முதல்நாள் சொல்லிவிட வேண்டும், சம்பளம் பிடிப்பதில்லை. உடம்புக்கு முடியாவிட்டால் அது கணக்கில் வராது. நாங்கள் ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கிற நாட்களுக்கும் சம்பளம் உண்டு. விருந்தாளிகள் வந்தால், போகிக்கு வீடு கழுவினால், அதற்குத் தனிக்காசு. வருஷத்துக்கு ஒரு தடவை உயர்வு. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம். இதற்கும் அப்பாதான் வழி காட்டினார். 1965 போனஸ் சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சரியாக ஒரு மாதம். புடவை எடுத்தால் அது ஆசைக்கு எடுப்பது, போனஸில் கழியாது.

'சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள்' என்பது அந்தத் தெருவின் நிரந்தரப் புகார். லீவு என்று ஒன்று இல்லாத இடத்தில் லீவு சொல்வது எப்படி? கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தவர் கேட்காமல்தான் நிற்பார். நான்கு நாள் என்று பேசிய பிறகு எங்கள் வீட்டுக்கு அக்கா ஒருமுறைகூடச் சொல்லாமல் நிற்கவில்லை. சில மாதங்களில் இரண்டு நாள்கூட எடுக்கமாட்டார்.

மற்ற குடித்தனங்கள் சும்மா இருக்கவில்லை. "நீங்க பேங்க் உத்தியோகம், ஏத்திக் குடுப்பீங்க. நாங்க எங்க போறது?" என்று ஒரு மாமி நேராகவே கேட்டார். அம்மா அதே நோட்டை எடுத்துப் போய்க் காட்டினார். ஒரு வீட்டில் கணக்கை ஒப்புக்கொண்டு கூட்டிக் கொடுத்தார்கள், துணியை நிறுத்திக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் எதுவும் மாறவில்லை. ஆனால் அக்காவுக்குச் சாயங்காலங்களில் நேரம் கிடைத்தது. அக்காவின் பையனுக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்தில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு இருந்தது. ராத்திரிச் சோறு அக்கா வந்துதான் ஆக வேண்டும். பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அக்கா வீட்டில் இருக்க ஆரம்பித்தார். தண்டல்காரரின் சைக்கிள் எங்கள் வாசலுக்கு வருவது குறைந்தது, பிறகு நின்றது.

நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை அந்த ஏற்பாடு நடந்தது. கடைசி மாதம் அம்மா ஒவ்வொரு வருஷ வேலைக்கும் அரை மாதச் சம்பளம் என்று கணக்கிட்டுக் கையில் கொடுத்தார். அப்பா வாங்கப்போகிற கிராஜுவிட்டியைப் பார்த்துப் போட்ட கணக்கு அது.

அம்மா ஒரு நோட்டில் செய்ததை ஊரும் உலகமும் வெகுநாள் கழித்துத்தான் எழுத்தில் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நலவாரியம் அமைந்தது 2007இல். 2011 ஜூனில் ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189ஆம் ஒப்பந்தம், வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றது. இந்தியா அதற்கு ஏற்புறுதி தரவில்லை. 2018இல் தமிழக அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது அது மணிக்கு 40 ரூபாயைக்கூடத் தொடவில்லை. சட்டம் சொல்கிற குறைந்தபட்சத்தைக் கொடுத்துவிட்டு நியாயம் செய்துவிட்டோம் என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

இன்று என் வீட்டுக்கு வருகிறவர் கண்ணகி நகரிலிருந்து வருகிறார். 2000ஆம் ஆண்டு முதல் நகருக்குள் இருந்த குடிசைகளைப் பெயர்த்து, வேலை செய்த வீடுகளிலிருந்து வெகுதூரத்தில் குடியமர்த்திய இடம் அது. 2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பேருந்தில் போகிற நேரத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. அதனால் நான் சம்பளம் பேசும்போது என் வீட்டில் இருக்கிற நேரத்தோடு வழியில் போகிற நேரத்திலும் ஒரு பங்கைச் சேர்க்கிறேன். கொரோனா காலத்தில் வர முடியாத மாதங்களுக்கும் முழுச் சம்பளம் கொடுத்தேன். எனக்கு வீட்டிலிருந்தபடி சம்பளம் வந்தது, அவருக்கும் வர வேண்டும்.

எவ்வளவு கொடுக்கலாம் என்று தோழிகள் கேட்கும்போது பக்கத்து வீட்டு ரேட்டை நான் சொல்வதில்லை. பக்கத்து வீடும் இன்னொரு பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் கொடுக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து எதிரில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். விலைவாசிக்கு ஏற்ற உயர்வு, வார ஓய்வு, மருத்துவ விடுப்பு, போனஸ், வேலையை விட்டுப் போகும்போது ஒரு தொகை, சம்பளத் தேதி. உங்களுக்கு நியாயம் என்று நீங்கள் கேட்டு வாங்குகிற ஒவ்வொன்றும் உங்கள் வீட்டைத் துடைக்கிறவருக்கும் உண்டா என்று பாருங்கள். வேலை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒருநாள் நீங்களே செய்து பாருங்கள். முடிவில் வருகிற தொகை கைக்கு எட்டவில்லை என்றால் உங்கள் தட்டை நீங்கள் கழுவுங்கள், உங்கள் துணியை நீங்கள் துவையுங்கள், அவருடைய நேரத்தைக் குறைத்து வாங்குங்கள். நேரத்தின் விலையைக் குறைக்க மட்டும் நமக்கு உரிமை கிடையாது.